மிஸஸ் ஹாலிவெல் நோயாளியைப் பார்க்க வருகிறாள்

பர்ன்லி
16 அக்டோபர் 1960, ஞாயிறு

மேபல்,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். நேற்று சாயங்காலத்திலிருந்து ஒன்று நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீ டெலிவிஷனில் வருகிறாய் என்று தெருவில் பாதிப் பேர் பிரையர்லியம்மா வீட்டில் கூடிவிட்டார்கள். உட்கார இடமில்லாமல் சிலர் கரி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். எல்லாரும் என்னோடு தறிக்கூடத்தில் நின்றவர்கள்தான். என் ஹெர்பர்ட்டால் வர முடியவில்லை. பஞ்சுத் தூசி அவர் நெஞ்சை அடைத்துவிட்டது. கட்டிலைக் கீழே முன்னறைக்கே இறக்கிவிட்டோம். "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, உன் தங்கச்சியாச்சே"ன்னு அவர்தான் என்னை அனுப்பினார்.

நீ அந்தத் தொப்பியோடு, திராட்சைப் பையோடு வந்து நின்றதுமே சிரிப்பு தொடங்கிவிட்டது. "நான் ஒண்ணும் பேச மாட்டேன், நீ பேசாம ரெஸ்ட் எடு"ன்னு நீ வேஷம் போடும் மிஸஸ் ஹாலிவெல் அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துச் சொன்னதை எல்லாரும் உன்னோடு சேர்ந்தே சொன்னோம். "படியேறும்போதே பாத்தேன், இந்தத் திருப்பத்துல சவப்பெட்டி திரும்பாது, ஜன்னலக் கழட்டித்தான் எறக்கணும்" என்ற இடத்தில் பிரையர்லியம்மா பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. பதின்மூன்று வருஷமாகக் கேட்கிறேன். நீ பேசிய இசைத்தட்டைக்கூட வைத்திருக்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

பிறகு கேமரா உன் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. "என்னடா கண்ணு, ஏதாவது வேணுமா?" என்று கேட்டுவிட்டு, கட்டிலில் இருப்பவர் பதில் சொல்வதுபோல நீ காத்திருக்கும் அந்த இடம். மேடையில் அந்த இடத்தில் உன் தொப்பிதான் தெரியும். டெலிவிஷனில் உன் உதடு தெரிந்தது, மேபல். உதடு அசைந்தது.

லண்டன்காரர்களுக்கு அது ஏதோ முகச்சேட்டை. நாங்கள் அந்தத் தறி இரைச்சலில் வாழ்நாள் முழுக்க உதட்டைப் பார்த்தே பேசியவர்கள். மூன்று தறி தள்ளி நிற்பவள் ராத்திரி என்ன சமைத்தாள் என்பதைக் காதில்லாமலே தெரிந்துகொண்டவர்கள். அறையில் முதலில் சிரிப்பை நிறுத்தியது பிரையர்லியம்மா. அவள் என்னைப் பார்த்தாள், உடனே டீக் கோப்பையைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக.

நான் படித்தது இது: "ஆக்னஸ் வேண்டாம். அவள உள்ள விடாத."

மிஸஸ் ஹாலிவெலுக்கு நீ ஆக்னஸ் என்று பெயர் வைக்கவில்லை. இந்த உலகத்தில் உனக்குத் தெரிந்த ஆக்னஸ் நான் ஒருத்திதான். இது என்ன?

ஆக்னஸ்


லண்டன்
21 அக்டோபர் 1960

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பிரித்தபோது ஹெர்பர்ட் மாமாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். நல்லவேளை, என் உதடுதான் பிரச்சினை.

இது தொழில் சமாசாரம், கேள். மேடையில் தனியாக நின்று இல்லாத ஆளோடு பேசுகிறவளுக்கு ஒரே ஒரு கஷ்டம்தான், அந்த ஆள் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பது. கொஞ்சம் முந்தினால் சிரிப்பு வராது, கொஞ்சம் பிந்தினால் வசனம் மறந்துவிட்டது என்று நினைப்பார்கள். அதனால் வாய்க்குள் எதையாவது சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் சலவைக் கணக்கு, ஒரு நாள் ரயில் நிலையங்களின் பெயர். அன்றைக்கு விளக்குச் சூடு, எதிரே கேமராவோடு பையன்கள், தலைகால் புரியவில்லை. உன் பெயர் வாயில் வந்துவிட்டது போலிருக்கிறது. ஊரில் நீங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே இருந்தேன் இல்லையா?

பிரையர்லியம்மா டீக் கோப்பையைப் பார்த்தாளாம். அவள் எதைத்தான் பார்க்கவில்லை? அவளிடம் சொல், அடுத்த தடவை அவள் பல்செட்டையே மேடையில் ஏற்றிவிடுகிறேன்.

நல்ல செய்தி, கிறிஸ்துமஸுக்கும் என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள். அதே தொப்பி, அதே திராட்சை. புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன் என்று என் ஏஜென்ட் சில்வரிடம் சொன்னேன். "அதெல்லாம் வேணாம் மேபல், அவங்க புதுசா கேக்க வரல, உன்கூட சேந்து சொல்ல வர்றாங்க" என்றார். உண்மைதான். கார்டிஃபில் ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். மாடியிலிருந்து ஒருத்தன், "அது அப்படி இல்லம்மா, ஒழுங்கா சொல்லு" என்று அதட்டினான்.

மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அன்றைக்கே சொன்னேனே. மாமாவுக்கு என் அன்பு.

உன் மேபல்


பர்ன்லி
25 அக்டோபர் 1960

மேபல்,

நான் அம்மாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. நீயாகத்தான் இழுத்தாய்.

அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கித் தீய்ந்தது. பிறகு இசைத்தட்டைப் போட்டேன். இந்த முறை சிரிக்காமல் கேட்டேன்.

படித் திருப்பத்தில் சவப்பெட்டி திரும்பாது. அதை நான்தான் சொன்னேன். அம்மாவிடம் இல்லை. அவள் படுத்திருந்த கடைசி வருஷம் படியில் நின்றுகொண்டு பிரையர்லியம்மாவிடம் சொன்னேன். கதவு திறந்திருந்ததா என்று நினைவில்லை. நீ அப்போது மான்செஸ்டரில் வேறு ஏதோ வேஷம் போட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு அது எப்படித் தெரியும்? அம்மா சொல்லியிருந்தால்தான் தெரியும்.

நோயாளிக்கு என்று வாங்கி வந்த திராட்சையைப் பேச்சு சுவாரசியத்தில் தானே தின்று முடிப்பது யார்? ஹெர்பர்ட்டைக் கேட்டேன். அவர் என் கையில் இருந்த வெறும் திராட்சைக் காம்பைப் பார்த்தார்.

பதின்மூன்று வருஷமாக மிஸஸ் ஹாலிவெல் நம் பெர்த்தா அத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிரையர்லியம்மா அது தன் மாமியார் என்று நினைத்தாள். ஹாலில் உட்கார்ந்து சிரிக்கிற ஒருத்திகூட அது தான் என்று நினைக்க மாட்டாள். எல்லாரும் கட்டிலில் படுத்திருப்பது நாம்தான் என்று நினைத்துத்தான் சிரிக்கிறோம். நல்ல வித்தை கற்றுவைத்திருக்கிறாய்.

இப்போது கடைக்குள் போனால் பேச்சு நிற்கிறது. காய் நிறுக்கிறவள்கூட முகத்தைப் பார்ப்பதில்லை. அதை நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு. நான் ஒன்பது வருஷம் அம்மாவைக் கழுவித் துடைத்தேன். தனியாகக் கிடக்கிறாளே என்று ஓயாமல் பேசிக்கொண்டே செய்தேன். இன்றைக்கு ஹெர்பர்ட்டுக்கும் அதையேதான் செய்கிறேன். அவருக்கு மூச்சில்லை, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல அவரால் முடியாது. நான் உள்ளே போகும்போதெல்லாம் அவரும் மனதுக்குள் அதைச் சொல்கிறாரா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அம்மா என்ன சொன்னாள்? முழுசாக எழுது. சலவைக் கணக்குக் கதை வேண்டாம்.

ஆக்னஸ்


லண்டன்
6 நவம்பர் 1960

அக்கா,

எழுதினேன், கிழித்தேன். இது எத்தனையாவது தாள் என்று தெரியவில்லை. நீ கேட்டுவிட்டாய், சொல்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டு, ஆனால் முழுசாகப் படி.

கடைசி மாதம் நான் வந்து தங்கியது நினைவிருக்கும். நீ பகலில் மில்லுக்குப் போய்விடுவாய், நான் அம்மாவோடு இருப்பேன். தொண்டை போன பிறகு அவள் உதட்டாலேயே பேசினாள். உன்னிடம் அதிகம் பேசியிருக்க மாட்டாள். நீ அவள் முகத்தைப் பார்க்க மாட்டாய் அக்கா. தலையணையைத் தட்டுவாய், ஜன்னலைத் துடைப்பாய், வாய் பேசும், கண் வேலையில் இருக்கும்.

ஒரு நாள் அவள் சொன்னாள்: "ஆக்னஸ் நல்லவ. ஆனா சாகறதுக்குக்கூட எடம் குடுக்க மாட்டேங்குறா. பெட்டி திரும்பாதாம், ஜன்னலக் கழட்டணுமாம்." சொல்லிவிட்டு அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று உன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு உன்னைப்போலவே உள்ளே வந்தேன். "நான் ஒண்ணும் பேச மாட்டேன்" என்று ஆரம்பித்தேன். அம்மா சிரித்தாள். சத்தமே இல்லாமல், கட்டில் ஆட, கண்ணீர் வழியச் சிரித்தாள். வருஷக்கணக்காக அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக மறுநாளும் செய்தேன். அதற்கு மறுநாளும். மிஸஸ் ஹாலிவெல் பிறந்தது அங்கேதான். முதல் ரசிகை அம்மா.

கடைசி நாள் மத்தியானம் உனக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "ஆக்னஸ் வேண்டாம். அவள உள்ள விடாத. நீயே ஆக்னஸா இரு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. நான் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும்போதே போய்விட்டாள். நீ மில்லிலிருந்து ஓடிவந்து, ஏதாவது சொன்னாளா என்று கேட்டபோது தூங்கிவிட்டாள் என்றேன். வேறு என்ன சொல்வேன்?

மேடையில் அந்த இடைவெளியில் எனக்கு அம்மாவின் உதடு தெரிகிறது. அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன், அவ்வளவுதான். அதனால்தான் அந்த இடம் சரியாக விழுகிறது. வேறு எதைச் சொல்லிக்கொண்டாலும் விழவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜனங்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஆனால் அவளை வெறுக்கவில்லை. உளறுகிறாள், திராட்சையைத் தின்கிறாள், சாவைப் பற்றிப் பேசுகிறாள், ஆனாலும் அவள் வருகிறாள். மற்றவர்கள் பூங்கொத்து அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் மேடை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தி இருந்தா, போய்ட்டா" என்று அழுகிறார்கள். அது உனக்காக அழுகிற அழுகை.

அம்மாவோடு கடைசி ஒரு மாதம் மட்டும் வந்து தங்கிச் சிரிக்கவைத்துவிட்டுப் போவது சுலபம். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை விட முடியாது. எனக்கு இந்த ஒரு வேஷம்தான் இருக்கிறது.

மேபல்


பர்ன்லி
2 ஜனவரி 1961

மேபல்,

உன் கடிதம் கிடைத்தது. நன்றி. பொய் சொல்லாமல் எழுதியதற்கு.

திட்டுவதற்கு ஒன்றும் வாயில் வரவில்லை. இப்போதெல்லாம் எதுவுமே வருவதில்லை. முன்னறைக்குள் போகிறேன், சூப்பை வைக்கிறேன், முகம் துடைக்கிறேன், வந்துவிடுகிறேன். எதையாவது சொல்ல வாயெடுத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். கரிக்காரன் வந்தது, மழை பிடித்தது, ஒன்றும் சொல்வதில்லை. சாகிற மனுஷனுக்கு இடம் கொடுக்கவேண்டும் இல்லையா? கொடுக்கிறேன்.

வாரம் ஒரு முறை ஊசி போட வரும் நர்ஸ், "வீடு இவ்ளோ அமைதியா இருக்கே, நல்லாப் பாத்துக்கிறீங்க" என்றாள். நான் நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று முதன்முதலில் ஒருவர் சொன்னது நான் ஊமையான பிறகுதான்.

ஹெர்பர்ட் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அவர் பக்கம் திரும்புவதில்லை. அவர் உதடு என்ன சொல்லிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவுக்குச் செய்ததையே திரும்பவும் செய்கிறேன், வாயை மட்டும் மூடிக்கொண்டு.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை நான் பார்க்கவில்லை. பிரையர்லியம்மா கூப்பிடவும் இல்லை.

ஆக்னஸ்


லீட்ஸ்
5 ஜனவரி 1961

அக்கா,

கடவுள் மேல் ஆணை, மாமாவோடு பேசு. இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் சூப்பைக் கீழே வைத்துவிட்டுப் பேசு.

கிறிஸ்துமஸ் அன்று என்ன நடந்தது தெரியுமா? உனக்காக வாயை இறுக மூடிக்கொண்டு செய்தேன். அந்த இடம் வந்தது. அம்மாவைப் பார்க்கக் கூடாது என்று கட்டிலைப் பார்த்தேன். வெறும் கட்டில். முந்திக்கொண்டு அடுத்த வசனத்தைச் சொல்லிவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு முடியும்வரை சிரிப்பு வரவே இல்லை. கட்டிலில் யாரும் இல்லை என்பது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. சில்வர் தன் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதை விடு. நான் சொன்னதை நீ தப்பாகப் பிடித்துக்கொண்டாய். அம்மா வேறு, மாமா வேறு. அவர் இருபத்தைந்து வருஷம் உன் பேச்சைக் கேட்டவர். கல்யாணத்தன்று என்னிடம், "உங்க அக்கா பேசறா, நான் ஓய்வெடுக்கறேன், இதவிட என்ன வேணும்" என்று சொன்ன மனுஷன். அவர் முகத்தைப் பார்.

இங்கே கிறிஸ்துமஸுக்குத் தொடங்கிய நாடகத்தில் எனக்குத் தினம் இரண்டு ஆட்டம். பிப்ரவரி முடியும்வரை விடமாட்டார்கள். விட்டால் ஓடிவந்துவிடுவேன்.

மேபல்


பர்ன்லி
12 மார்ச் 1961

மேபல்,

நீ அடக்கத்துக்கு வந்தது நல்லது. கூட்டத்தில் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். ஹெர்பர்ட்டின் மில் ஆட்கள் உன்னிடம் கையெழுத்து கேட்டதற்கு நீ கூச்சப்பட்டாய். அவர்களைத் தப்பாக நினைக்காதே. ஹெர்பர்ட்டாக இருந்தால் அவர்தான் வரிசையில் முதலில் நின்றிருப்பார்.

உன் ஜனவரிக் கடிதம் வந்தபோது நீ சொன்னதை நான் கேட்கவில்லை. நீ சமாதானம் சொல்கிறாய் என்று நினைத்தேன். பிப்ரவரி பாதிவரைக்கும் ஊமையாகவே இருந்தேன். அந்த நாட்கள் திரும்பி வராது. எந்தச் சமாதானமும் அதற்கு ஒட்டாது, நீயும் ஒட்டவைக்கப் பார்க்காதே.

ஒரு நாள் காலை போர்வையை இழுத்துவிடும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கிப் பிடிக்க அவருக்குத் தெம்பு இல்லை, ஆனாலும் உதற முடியவில்லை. வேறு வழியில்லாமல் முகத்தைப் பார்த்தேன். "நான் என்ன தப்பு பண்ணேன் ஆக்னஸ்? ஏன் எம்மேல கோவம்?" என்று உதடு கேட்டது.

அத்தனை வாரமும் அந்த மனுஷன், எதற்குத் தண்டனை என்று தெரியாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நான் அவருக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு உட்கார்ந்து பேசத் தொடங்கியவள்தான். கரிக்காரன் பாதிச் சாக்கில் ஏமாற்றியது, பிரையர்லியம்மா பல்செட்டைச் சூப்பில் போட்டுவிட்டுத் தேடியது, வினிகர் ஊற்றிய குடல் கறி முன்போல் ருசியாக இல்லாதது, அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பிட ஹாம் இறைச்சி போதுமா இல்லை மாட்டு நாக்கும் வாங்கவேண்டுமா என்பது வரை. ஆமாம், அதையும் அவரிடமே கேட்டேன். ஹாம் போதும் என்றார். திராட்சையையும் தின்றேன். ஆனால் இந்த முறை ஜன்னல் துடைக்கவில்லை, தலையணை தட்டவில்லை. நாற்காலியை முகத்துக்கு நேரே போட்டுக்கொண்டு, ஒரு பேச்சு முடிந்ததும் அவர் உதட்டைப் பார்த்துக் காத்திருந்தேன். நீ செய்வாயே, அதுபோல. அதை உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன், அதற்கு உனக்கு நன்றி சொல்லவேண்டும். ஒரு வாரம் கிடைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமும் பேசிக்கொண்டே இருந்தேன். நடுவில் ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். அவர் பதில் சொன்னார். நான் படித்தேன், திருப்பிப் பதிலும் சொன்னேன். பிறகு அவர் பேசவில்லை.

நீ அடக்கத்தன்று சமையலறையில் என் தோளைத் தொட்டு, "மாமா கடைசியா என்னக்கா சொன்னாரு?" என்று கேட்டாய். நான் டீ கெட்டிலைக் கழுவப் போய்விட்டேன். மறதி இல்லை, வேண்டுமென்றேதான் போனேன்.

அதை உனக்குச் சொல்லமாட்டேன், மேபல். நல்லதா கெட்டதா என்றுகூடச் சொல்லமாட்டேன். உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது, அதனால் இதை நிதானமாகவே எழுதுகிறேன். மிஸஸ் ஹாலிவெலை நீ நிறுத்த வேண்டாம். வாயை மூடிக்கொண்டு செய்யவும் வேண்டாம். அம்மா உன்னிடம்தான் சொன்னாள், அவளை நீ வைத்துக்கொள். ஊர் பார்த்தால் பார்க்கட்டும்.

ஆனால் ஹெர்பர்ட் சொன்னதை எழுதினால், உன்னை அறியாமலே ஒரு நாள் அது உன் உதட்டுக்கு வந்துவிடும். நீ அதை ரொம்ப நன்றாகச் செய்வாய். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஆக்னஸ்